செய்து காட்டுவதை எப்படி மதிப்பிடுவது? கடலோரப் பள்ளிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி ஒன்றியங்களின் கடலோரப் பள்ளிகளில் ஆசிரியர்களும் சில பெற்றோரும் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் இவை. பிள்ளைகள் செய்கிற செயல்திட்டம், மாதிரி, படம், நாடகம் ஆகியவற்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதுதான் விஷயம். ஒரே சந்தேகம் ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக எழுந்து நிற்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்கள் என்னுடையவை, ஆகவே என் சாய்வும் அவற்றில் இருக்கும். பெரும்பாலும் 4 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

“செயல்திட்டம்னா சார்ட்ல படம் ஒட்டிட்டு வர்றதுதானே சார்?”

நடைமுறையில் அப்படித்தான் ஆகிவிட்டது. ஸ்டேஷனரி கடையில் ‘கடல்வாழ் உயிரினங்கள்’ என்று கேட்டால் அச்சடித்த படத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அதை வெட்டி, சார்ட்டில் ஒட்டி, கீழே ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதினால் வேலை முடிந்தது. பிள்ளைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும் என்பதைத் தவிர அந்த சார்ட் நமக்கு எதையும் சொல்லாது.

செயல்திட்டத்துக்குத் தலைப்பு போதாது, கேள்வி வேண்டும். பிள்ளைக்கு இப்போது விடை தெரியாது, ஆனால் செய்து பார்த்தால் தெரியவரும் என்கிற மாதிரிக் கேள்வி. ‘உப்பு’ என்பது தலைப்பு. ‘ஒரு லிட்டர் கடல்தண்ணியில எவ்வளவு உப்பு இருக்கும்?’ என்பது கேள்வி. ‘பாம்பன் பாலம்’ என்பது தலைப்பு. ‘அவ்வளவு கனத்தை எப்படித் தூக்குறாங்க?’ என்பது கேள்வி. தலைப்பைக் கொடுத்துவிட்டு சார்ட் வந்துவிட்டதே என்று பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது.

“இதுக்கெல்லாம் விதியில இடம் இருக்கா? இல்ல நாமளா இழுத்துவிட்டுக்கறதா?”

இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் வழியாகக் கற்பதைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளைக்கு என்ன புரிந்தது, புரிந்ததைப் பயன்படுத்த முடிகிறதா என்பதைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு முப்பருவ முறையோடு வந்தபோது, 100இல் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் (படிக்கும்போதே பார்ப்பது) 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் (பருவக் கடைசித் தேர்வு) என்று பிரித்தார்கள். வளரறியிலும் (அ) என்பது செயல்பாடுகளுக்கு, (ஆ) என்பது சிறுதேர்வுகளுக்கு. தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் அறிவியல், கணக்கைச் செய்து பார்த்துக் கற்பதற்காக ‘வானவில் மன்றம்’ திட்டம் வந்தது. உங்கள் வகுப்புக்கு இந்த ஆண்டுச் சுற்றறிக்கை எப்படிப் பிரிக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். எந்தப் பிரிப்பாக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

விதியில் குறை இல்லை. செயல்பாட்டு மதிப்பெண்ணைப் பருவக் கடைசியில் ஒரே மதியத்தில் உட்கார்ந்து நிரப்புகிற பழக்கம்தான் குறை. அதை யார் செய்கிறார்கள் என்று நான் இங்கே சொல்லத் தேவையில்லை.

“மார்க் எதுக்கு? செஞ்ச பொருளுக்கா, செஞ்ச பிள்ளைக்கா?”

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து அறிவியல் கண்காட்சிகளில் பாலம் வராத கண்காட்சி ஏது? 1914இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாக மேலே விரிந்தது, ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. இரண்டு பக்கக் கோபுரங்களிலும் எதிர்எடைகள் இருக்கின்றன. பாலத்தின் கனத்தை அவை ஈடுகட்டிவிடுவதால் மோட்டார் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு பிள்ளை தெர்மாகோலில் பளபளவென்று பாலம் கொண்டுவருகிறது. வர்ணம், குட்டி ரயில், சீரியல் லைட் எல்லாம் உண்டு. இன்னொரு பிள்ளை இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கோபுரமாக நிறுத்தி, காலியான நூல்கண்டைக் கப்பியாக்கி, தீப்பெட்டியில் மணல் நிரப்பி எதிர்எடையாகக் கட்டியிருக்கிறது. கோணல்மாணலாக இருக்கிறது, ஆனால் ஏறி இறங்குகிறது. இப்போது இருவரிடமும் ஒரே கேள்வி: ‘பாலத்து மேல இந்தக் கல்லை வைக்கிறேன். இனிமே தூக்கணும்னா என்ன செய்யணும்?’ தீப்பெட்டியில் இன்னும் மணல் போட வேண்டும் என்று யார் சொன்னாலும், இல்லை பேசாமல் போட்டே காட்டினாலும், அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. தெர்மாகோல் பிள்ளையே சொன்னாலும் மதிப்பெண் உண்டு.

அதாவது மூன்று நேரத்தில் பார்க்கிறோம். செய்யும்போது, செய்து முடித்ததும், பொருளைக் கொஞ்சம் மாற்றிவிட்டுக் கேட்கும்போது. மூன்றாவதுதான் என் கணக்கில் பெரியது. பல பள்ளிகளில் அது நடப்பதே இல்லை.

“சரி, பத்து மார்க்கை எப்படிப் பிரிக்கறது? ஒரு மாதிரி கொடுங்களேன்.”

உப்புச் செயல்திட்டத்தை வைத்துச் சொல்கிறேன். வாலிநோக்கம், மாரியூர் பக்கம் உப்பளத்தைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகளுக்கு இது பழகிய காட்சி. ஆனால் எடைபோட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கடல்நீரை அளந்து எடுத்து, துணியில் வடிகட்டி, அகலமான தட்டுகளில் வெயிலில் வைத்து, வற்றிய பின் சுரண்டி எடை பார்க்க வேண்டும். வாரம் பத்து நாள் ஆகும்.

கேள்வியை எழுதி, எவ்வளவு உப்பு வரும் என்று முன்கூட்டியே காரணத்தோடு ஊகித்திருந்தால் 2. செய்முறைக்கும் தினப்பதிவுக்கும் 3. அந்த நோட்டை மட்டும் பார்த்து வேறொரு பிள்ளை இதைத் திரும்பச் செய்ய முடிந்தால் முழு 3. தேதியோ அளவோ அங்கங்கே விட்டுப்போயிருந்தால் 2. கடைசி விடை மட்டும் இருந்தால் 1. கிடைத்த விடைக்குத் தன் சொல்லில் விளக்கம் தந்தால் 3. மாற்றிக் கேட்கும் கேள்விக்கு 2. உதாரணமாக, ‘இதே தண்ணியை ஆழமான சொம்புல வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?’ மேற்பரப்பு குறைந்தால் ஆவியாவது மெதுவாகும் என்று தெரிந்த பிள்ளை, உப்பளத்தில் பாத்தி ஏன் ஆழமில்லாமல் அகலமாக இருக்கிறது என்பதையும் தானே சொல்லிவிடும்.

இந்தப் பிரிப்பைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். பயிற்சிகளில் இதை ரூப்ரிக் என்பார்கள். பெயர் எதுவானாலும், பிள்ளைகளுக்குக் காட்டாமல் மேசை டிராயரில் வைத்திருந்தால் பாதிப் பயன் போய்விடும்.

“அழகுக்கு ஒரு மார்க்கு கூடக் கிடையாதா? பாவம், ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்சிருக்கு.”

ஓவிய வகுப்பிலும் கைத்தொழில் வகுப்பிலும் உண்டு. அறிவியலில் என்னைக் கேட்டால் கிடையாது. பாராட்டுங்கள், வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வையுங்கள். மதிப்பெண் அட்டையில் ‘அறிவியல்’ என்று இருக்கும் கட்டத்துக்குள் வர்ணம் பூசும் திறமையைப் போட்டால், அந்த எண் பிள்ளையின் அறிவியலைப் பற்றி எதையும் சொல்லாது. வாசிக்க முடிகிற மாதிரி எழுதியிருப்பது வேறு. அது பதிவு மதிப்பெண்ணிலேயே வந்துவிடும்.

“அப்பா செஞ்சு கொடுத்ததுன்னு தெரியுது. ஆனா எப்படிச் சொல்றது?”

சொல்லவே வேண்டாம். பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்தி ‘யார் செஞ்சது?’ என்று விசாரிப்பது மதிப்பீட்டில் சேராது. செய்வதைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லாமல் போகும். வீட்டுக்குக் கேட்டு வரும் வேலையை மட்டும் கொடுங்கள். தாத்தாவிடம் காற்றின் பெயர்களைக் கேட்டு வருவது, அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நேரத்தைக் குறித்து வருவது மாதிரி.

வீட்டில் செய்துதான் ஆக வேண்டும் என்றால், கொண்டுவந்த பொருளைப் பிரித்து மறுபடி பூட்டச் சொல்லுங்கள். அப்பா செய்ததாகவே இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளை பூட்டிவிடும். அப்படிப் பூட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

“எங்க ஊர்ல கையில காசு இல்லாத வீடுங்க சார். பொருளுக்கு எங்க போறது?”

நான் பார்த்த வரை செலவு செய்த செயல்திட்டத்துக்கும் கற்றலுக்கும் சம்பந்தம் குறைவு. பள்ளியில் ஒரு விதி வையுங்கள்: கடையில் வாங்கியது எதுவும் செல்லாது. பனை ஓலை, தேங்காய் நார், அறுந்த வலைத்துண்டு, பழைய செருப்பு ரப்பர், மணல், அட்டை இவை போதும். தெர்மாகோல் வேண்டாம் என்பதற்குக் கரையோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அது உடைந்து உருண்டை உருண்டையாகக் கடலுக்குத்தான் போகிறது. கடல் மாசு பற்றிய மாதிரியையே தெர்மாகோலில் செய்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு தராசும் அளவுக்குவளையும் மட்டும் பள்ளியில் நல்லதாக இருக்கட்டும். மீதி எல்லாம் ஊரிலேயே கிடைக்கும்.

“நாப்பது பிள்ளைங்க, நான் ஒருத்தி. ஒவ்வொருத்தரையா எப்பப் பார்க்கறது?”

ஒரே நாளில் எல்லோரையும் பார்க்க நினைத்தால் முடியாது. ஒரு பாடவேளைக்கு ஐந்தாறு பேரைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ‘அளவை இரண்டு முறை சரிபார்த்தாள்’, ‘முன்கணிப்பு இல்லாமல் தொடங்கினான்’ என்கிற மாதிரி. இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். மாற்றிக் கேட்கும் கேள்விக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

இன்னொரு வழி, வகுப்பு முடியும்போது கால் தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வது. நாற்பது தாளை வீட்டுக்குத் தூக்க வேண்டாம், மணி அடிப்பதற்குள் புரட்டிப் பார்த்துவிடலாம். பருவத்துக்கு ஒரு பாடத்தில் ஒரு நல்ல செயல்திட்டம் போதும். ஆறு செய்து ஆறையும் அரைகுறையாகப் பார்ப்பதில் பயன் இல்லை.

“குழுவா செஞ்சா ரெண்டு பேர் உழைக்கறாங்க, மூணு பேர் வேடிக்கை பார்க்கறாங்க.”

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் அப்படித்தான் நடக்கும். வேலை குழுவாக, நோட்டு தனித்தனியாக, கேள்வி தனித்தனியாக. விளக்கிச் சொல்வது யார் என்பதை அந்த நேரத்தில் சீட்டுக் குலுக்கி எடுங்கள். யார் பெயர் வேண்டுமானாலும் வரும் என்று தெரிந்தால், கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். அதற்கு ஓர் உள்நோக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

இடையில் சில நாள் பள்ளிக்கு வராமல் போன பிள்ளையை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். குழுவின் நோட்டைப் படித்துவிட்டு, அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அதுவும் மதிப்பீடுதான்.

“கடைசியில செஞ்சது சரியா வரல. தோத்துப்போனதுக்கும் மார்க் போடணுமா?”

போட வேண்டும். சில நேரம் கூடுதலாகவே. மேலே சொன்ன பத்து மதிப்பெண்ணில் ‘சரியான விடை’ என்று தனியாக ஒரு பங்கு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும், அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு. வகுப்பறைத் தட்டில் அந்த 35 சரியாக வருவது அபூர்வம். ஈரம் போகாமல் எடை போட்டால் கூடும், தட்டில் ஒட்டியதை விட்டுவிட்டால் குறையும், காற்றில் மணல் விழுந்தால் கூடும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பாக் நீரிணைப் பக்கத்துத் தண்ணீரில் உப்பே குறைந்துவிடும். ஐப்பசியில் வெயிலுக்கு வைத்த தட்டு மழையில் நிரம்பிக் கிடந்தால், ‘ஏன் மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நடப்பதில்லை’ என்ற கேள்வி தானாகக் கிடைத்துவிட்டது. அதை எழுதிய பிள்ளைக்கு விளக்கத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மாறாக, சரியாக 35 என்று எழுதியிருக்கும் நோட்டைத்தான் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். புத்தகத்திலிருந்தோ போனிலிருந்தோ வந்திருக்கும்.

“எரிமலை மாதிரி எல்லா வருஷமும் வருது. வேணாம்னு சொல்லிடலாமா?”

ஆப்பசோடாவில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி வரும். அமிலம், காரம் பாடத்துக்கு நல்ல செய்முறை. எரிமலையில் அது நடப்பதில்லை. அங்கே உருகிய பாறைக்குழம்பும் அதில் அடைபட்ட வாயுக்களும் அழுத்தத்தில் மேலே வருகின்றன. ஆகவே வேதியியல் என்று கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். புவியியல் என்று கொண்டுவந்தால், ‘நிஜ எரிமலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்டு, அந்த விடைக்கு மதிப்பெண் போடுங்கள். எந்த மாதிரிக்கும் கேட்கக்கூடிய கேள்வி அது.

“கடற்கரையில பொறுக்கின பவளப்பாறை, கடல்குதிரை எல்லாம் கொண்டு வர்றாங்க. கண்காட்சியில வைக்கலாமா?”

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். அது தவிர, 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்பவளங்கள், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த துண்டுதானே என்ற வாதம் செல்லாது. கையில் வைத்திருப்பதே குற்றம். சில சங்கு, சிப்பி வகைகளும் பட்டியலில் உண்டு. எது இருக்கிறது எது இல்லை என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளால் முடியாது. பொதுவாகவே எதையும் எடுத்து வராமல் இருப்பது நல்லது.

எடுத்து வராமலே மதிப்பிட நிறைய இருக்கிறது. இருந்த இடத்திலேயே பார்த்து வரைவது, பக்கத்தில் அளவுகோல் வைத்து போட்டோ எடுப்பது, கரையில் பத்து மீட்டரைக் கயிறு கட்டி அளந்து அதற்குள் எத்தனை விதக் குப்பை கிடக்கிறது என்று எண்ணி அட்டவணை போடுவது. ஓவியத்தில் அழகு பார்க்க வேண்டாம், நண்டின் கால்களை எண்ணி வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அந்த நிலையமே 1947இல் அங்கேதான் தொடங்கியது, 1971இல்தான் தலைமையிடம் கொச்சிக்குப் போனது. அங்குள்ள மீன் காட்சியகத்துக்கு முன்அனுமதி வாங்கிக் கூட்டிப்போவது, கண்காட்சிக்கு ஒரு கடல்குதிரை வருவதைவிட மேல்.

“கணக்குக்கு இதெல்லாம் ஒத்துவருமா?”

மற்ற எல்லாப் பாடத்தையும்விட நன்றாகவே ஒத்துவரும். கடலில் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. வகுப்பில் எல்லோரும் தங்கள் பாகத்தை அளந்து, சராசரி எடுத்து, யார் பாகத்தை நம்பலாம் என்று வாதம் செய்தால் அளவீடு, சராசரி, திட்ட அலகு ஏன் வேண்டும் என்பது மூன்றும் வந்துவிடும்.

பெரிய வகுப்புக்கு, கடல்பாசி வளர்க்கக் கட்டும் மிதவை. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், நான்கு மூலையிலும் குறுக்கே ஒரு கட்டை. ‘மூலைக்கட்டை நாலு அடி. மூலையிலிருந்து ரெண்டு பக்கமும் சம தூரத்தில் கட்டணும். எத்தனை அடியில் குறி போடுவது?’ பித்தாகரசை வைத்துப் போட்டால் சுமார் 2.83 அடி. குச்சியில் சின்னதாகக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். விடை தப்பாக இருந்தால் கட்டை பொருந்தாது. சிவப்பு மையால் நாம் சுழிக்க வேண்டியதில்லை.

“நாடகம், பாட்டுன்னா ரசனைதானே? அதுக்கு எப்படி அளவு வைக்கறது?”

எந்தப் பாடத்துக்காக நாடகம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று வைப்போம். சமூக அறிவியல் என்றால், நிகழ்ச்சிகள் வரிசை மாறாமல் வருகின்றனவா, தனுஷ்கோடி அன்று எதற்காக முக்கியமான ஊராக இருந்தது என்பது வசனத்தில் வருகிறதா, புயலுக்குப் பின் ஊர் ஏன் மறுபடி எழவில்லை என்பதற்குக் காரணம் சொல்லப்படுகிறதா என்று பாருங்கள். நடிப்பு சுமாராக இருந்தாலும் போகட்டும். தமிழ்ப் பாடம் என்றால் குரல் ஏற்ற இறக்கம், பாத்திரத்துக்கேற்ற பேச்சு, உச்சரிப்பு எல்லாம் கணக்கில் வரும். ஒரே நாடகத்துக்கு ஒரே பிள்ளை தமிழில் 9, சமூக அறிவியலில் 6 வாங்கினால் குழப்பம் எதுவும் இல்லை.

நாடகம் முடிந்ததும் பாத்திரத்தை விட்டு வெளியே வராமலே பதில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். ‘நீங்கதான் அன்னிக்கு ஸ்டேஷன் மாஸ்டர். வண்டியை அனுப்புறதா வேண்டாமான்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?’ மனப்பாட வசனம் அங்கே உதவாது.

“வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன செய்யறது? உங்க முறையில எல்லாம் பேச்சாவே இருக்கே.”

நியாயமான கேள்வி. பாலத்துக் கல் கேள்வியில் ‘பேசாமல் போட்டே காட்டினாலும்’ என்று எழுதியிருந்தேன், அது இவர்களுக்காகத்தான். கையால் காட்டலாம், படம் வரையலாம், நண்பன் காதில் சொல்லி நண்பன் வழியாகச் சொல்லலாம். வகுப்பின் முன்னால் நிற்க வைக்காமல், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பாதிப் பேர் பேசிவிடுவார்கள்.

மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இலங்கைத் தமிழில் பதில் சொல்வார்கள், கரையூர்ப் பிள்ளைகள் கரைப் பேச்சில் சொல்வார்கள். அறிவியலுக்கோ கணக்குக்கோ அதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வழியை மாற்றலாம். கேள்வியை எளிதாக்கிவிட வேண்டியதில்லை.

“யூடியூப் பார்த்துச் செய்யறாங்க, இப்ப ஏஐ கிட்டக் கேட்டு எழுதறாங்க. என்ன பண்ண?”

‘அப்பா செஞ்சு கொடுத்தது’ என்ற கேள்விக்குச் சொன்ன பதிலேதான். எங்கிருந்து எடுத்தாலும் எடுத்ததை எழுதச் சொல்லுங்கள். பிறகு நம் ஊர் சார்ந்து ஒன்றை மாற்றிக் கேளுங்கள். வீடியோவில் வருபவருக்கு நம் ஊர்த் தட்டில் எத்தனை நாளில் வற்றியது என்று தெரியாது.

“மீன்பிடி வீட்டுப் பிள்ளைக்குக் காத்து, கடல் எல்லாம் முன்னாடியே தெரியும். அதுக்கு மார்க் போட்டா கடல் பக்கம் இல்லாம ஊருக்குள்ள இருக்கற பிள்ளைக்கு அநியாயமில்லையா?”

இந்தக் கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். அப்பா இன்ஜினியர் என்பதால் வட்டத்தின் பரப்பளவு முன்பே தெரிந்த பிள்ளைக்கு நாம் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லையே. தெரிந்தது எங்கிருந்து வந்தாலும் தெரிந்ததுதான்.

ஆனால் வீட்டு அறிவோடு நின்றுவிட்டால் பள்ளிக்கு வந்த பயன் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும் என்று கரையூர்ப் பிள்ளைக்குத் தெரியும். கச்சானும் பாடப்புத்தகத்தில் வரும் தென்மேற்குப் பருவக்காற்றும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று தெரியாமல் இருக்கலாம். அதை இணைப்பதுதான் அந்தப் பிள்ளைக்குச் செயல்திட்டம். ஊருக்குள்ளிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு மாதம் காற்றின் திசையைக் கொடி கட்டிப் பதிவு செய்வதே புதிது. தொடங்கும் முன் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். முடிந்ததும் அதே தாளைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். எவ்வளவு நகர்ந்தார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.

“பத்தாம் வகுப்புக்கு வந்தா தேர்வுதானே. இதுல நேரம் போனா ரிசல்ட் என்ன ஆகும்?”

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100இல் 25 செய்முறைக்குத்தான். அங்கே அளக்கவும் பதியவும் தெரிந்த பிள்ளைக்குக் கை நடுங்காது. மீதி 75இல் செயல்திட்டம் மந்திரம் எதுவும் செய்துவிடாது, எழுதிப் பழகத்தான் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நான் எங்கும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் பெரிய செயல்திட்டம் வேண்டாம் என்றே ஆசிரியர்களிடம் சொல்கிறேன். எட்டிலும் ஒன்பதிலும் முடித்துவிடுங்கள்.

“மேலிடத்துல போட்டோவும் பதிவும் கேக்கறாங்க. அதுக்கே நேரம் போகுது.”

பிள்ளையின் நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுங்கள். நீங்கள் நடுவில் நிற்க, பிள்ளைகள் சார்ட் பிடித்திருக்கும் படத்தைவிட அது நல்ல ஆதாரம்.

“அதே செயல்திட்டத்துக்கு நான் 6 போட்டேன், பக்கத்து செக்‌ஷன் டீச்சர் 9 போட்டாங்க. யார் சொல்றது சரி?”

இரண்டு பேரும் உட்கார்ந்து பேசும் வரை யாரும் சரியில்லை. மதிப்பெண் போடத் தொடங்கும் முன் ஐந்து நோட்டுகளை எடுத்து, இருவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ‘விளக்கம்’ என்ற பங்கில்தான் வரும். எது 3, எது 2 என்பதற்கு நிஜ நோட்டிலிருந்தே ஒரு பத்தியை உதாரணமாக எடுத்து வைத்துக்கொண்டால் மற்றவை சீக்கிரம் ஓடும். எல்லோருக்கும் 9, 10 போட்டுவிடும் பழக்கமும் இப்படி உட்கார்ந்தால் தானே குறையும்.

“பாசி வளர்ப்பு வேணுமா வேண்டாமான்னு விவாதம் வச்சேன். ஒரு பிள்ளை நான் நினைக்கறதுக்கு நேர் எதிரா முடிவு சொல்லுது. எப்படிப் போடறது?”

இந்தத் தலைப்பில் நம் ஊரில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. கப்பாபைக்கஸ் பாசி நம் கடலுக்கு வெளியிலிருந்து வந்தது. மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை, பல குடும்பங்களுக்குக் கையில் காசு. அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அதோடு, தலைமுறையாகக் கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துவந்த பெண்களுக்குத் தீவுப் பக்கம் கட்டுப்பாடு இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலரின் அம்மாக்கள் அவர்கள். வனத்துறையில் வேலை பார்ப்பவரின் பிள்ளையும் அதே பெஞ்சில் இருக்கலாம்.

முடிவுக்கு மதிப்பெண் வைக்கவே வேண்டாம். சொன்ன காரணத்துக்கு ஆதாரம் உண்டா, அது கேள்விப்பட்டதா, பார்த்ததா, படித்ததா என்று பிரித்துச் சொல்கிறதா, எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்றை நேர்மையாக எடுத்துச் சொல்ல முடிகிறதா, இவற்றுக்குத்தான் மதிப்பெண். கடைசிப் பங்குக்கு நான் கூடுதலாகவே வைப்பேன். நீங்கள் எந்தப் பக்கம் என்பது விவாதம் முடிந்து மதிப்பெண் போடும் வரை பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்துபோயிருந்தால், அந்த ஒரு விவாதத்துக்கு மட்டும் வேறு ஆசிரியரை மதிப்பிடச் சொல்லுங்கள்.